வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை: வாசகர் கேள்வி – பதில்

நெதர்லாந்தின் கஞ்சாக் கடைகளுக்குள் வெளிநாட்டுப் பயணிகளை விடுவதா, வேண்டாமா என்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். மற்ற நாடுகளைப் பற்றி வந்த சில கேள்விகளும் இதில் உண்டு.

நெதர்லாந்தில் கஞ்சா விற்பது சட்டப்படி சரி என்கிறார்கள். அப்படியிருக்க, உள்ளூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டு வெளிநாட்டவருக்கு மட்டும் எப்படி மறுக்க முடியும்? – வாசகர், சேலம்

முதலில், அங்கே அது சட்டப்படி சரியானது அல்ல. நெதர்லாந்தின் அபின் சட்டத்தில் கஞ்சா இன்றைக்கும் தடை செய்யப்பட்ட பொருள்தான். 1976-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது ஹெராயின், கொகெய்ன் போன்றவற்றை ஒரு பட்டியலிலும் கஞ்சாவை இன்னொரு பட்டியலிலும் வைத்தார்கள். இரண்டாம் பட்டியலில் உள்ளதைச் சிறு அளவில் விற்பவர், குறிப்பிட்ட நிபந்தனைகளை மீறாதவரை அவர்மேல் வழக்குப் போடுவதில்லை என்பது அரசின் நிலைப்பாடு. இப்படி விட்டுவைக்கப்பட்ட கடைகளுக்குத்தான் காஃபிஷாப் என்று பெயர்.

நிபந்தனைகள் கறாரானவை. விளம்பரம் கூடாது. கடுமையான போதைப்பொருள் எதுவும் கடைக்குள் இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கூடாது. 18 வயது ஆகாதவர் உள்ளே நுழையக் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது (1996-க்கு முன்பு இது 30 கிராமாக இருந்தது). கடையின் கையிருப்பு எந்த நேரத்திலும் 500 கிராமைத் தாண்டக் கூடாது. மதுவும் விற்கக் கூடாது. இந்த வரிசையில் 2013 ஜனவரி 1-ல் நாடு முழுவதும் இன்னொன்று சேர்ந்தது: உள்ளே வருபவர் நெதர்லாந்தில் வசிப்பவராக இருக்க வேண்டும்.

விற்பதும் வாங்குவதும் உரிமையாக இருந்தால் ஆளுக்கொரு நியாயம் என்று வழக்குப் போடலாம். இது சலுகை. சலுகையை யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கும் இடம் அரசுக்கு நிறையவே இருக்கிறது.

வெளிநாட்டவரால் அப்படி என்னதான் தொல்லை? கஞ்சா வாங்க வருபவர்களும் அறை எடுத்துத் தங்கிச் செலவு செய்கிறவர்கள்தானே? – வாசகி, ஈரோடு

ஆம்ஸ்டர்டாமை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறோம். இந்த வசிப்பிட விதி அங்கே பிறக்கவில்லை. அது பிறந்த மாஸ்ட்ரிக்ட், நாட்டின் தென்கோடியில் பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நகரம். பெல்ஜியத்தின் லியேஜ், ஜெர்மனியின் ஆகென் இரண்டு நகரங்களுமே அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். மாலையில் காரில் வந்து வாங்கிக்கொண்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அறை எடுப்பதும் இல்லை, ஊரைச் சுற்றிப் பார்ப்பதும் இல்லை.

அந்நகரில் அப்போது 14 காஃபிஷாப்கள் இருந்தன. கீழே சொல்லப்போகும் ஐரோப்பிய நீதிமன்ற வழக்கின் ஆவணப்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 பேர் வந்தார்கள், ஆண்டுக்கு 39 லட்சத்துக்கு மேல். அவர்களில் 70 சதவீதம் பேர் நெதர்லாந்தில் வசிக்காதவர்கள். பத்தாயிரத்தைப் பதினான்கால் வகுத்தால் கடைக்கு 700 பேருக்கு மேல். ஒவ்வொருவரும் 2 கிராம்தான் வாங்கினார் என்று வைத்தாலும் ஒரு கடையில் நாளுக்கு 1.4 கிலோ போகும். கையிருப்போ 500 கிராமைத் தாண்டக் கூடாது. ஆக, ஒரே நாளில் பலமுறை எங்கிருந்தோ சரக்கு வந்து இறங்கியாக வேண்டும். அதை எங்கோ பதுக்கி வைக்க வேண்டும், யாரோ எடுத்து வர வேண்டும். அந்த வேலை முழுவதும் சட்டத்துக்குப் புறம்பானது. வெளிநாட்டுக் கூட்டம் பெருகப் பெருகக் கடைக்குப் பின்னால் குற்றக் கும்பலின் கையும் ஓங்கியது. வண்டி நிறுத்துமிடச் சண்டை, இரவுச் சத்தம், காரை மறித்து "இதைவிட நல்லது இருக்கிறது" என்று வேறு போதைப்பொருளை விற்கும் தெருத் தரகர்கள் எல்லாம் இதன் மேல் வந்து சேர்ந்தவை.

தென்மேற்கில் டெர்னூசன் ஊரின் 'செக்பாயின்ட்' கடை இந்தக் கணக்குக்கு நல்ல சான்று. பெல்ஜியம், பிரான்ஸ் வாடிக்கையாளர்களை நம்பியே அது மிகப் பெரிதாக வளர்ந்தது. 500 கிராம் வரம்பை மீறிய இருப்பு சோதனையில் சிக்கவே 2008-ல் மூடப்பட்டது. ரோசன்டால், பெர்கன் ஆப் ஸோம் ஆகிய இரு ஊர்களும் 2009-ல் தங்கள் எல்லைக்குள் இருந்த காஃபிஷாப் அத்தனையையும் மூடிவிட்டன.

2012-ல் 'வீட்பாஸ்' என்று ஒரு கஞ்சா அட்டை கொண்டுவந்து சில மாதங்களிலேயே கைவிட்டார்கள் என்று படித்தேன். அது ஏன் தோற்றது? – வாசகர், பாளையங்கோட்டை

இந்த விஷயத்தில் மிக அதிகமாகப் பாடம் சொல்லும் நிகழ்வு இதுதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

2012 மே 1 அன்று லிம்பர்க், வடக்கு பிராபான்ட், ஸீலான்ட் ஆகிய மூன்று தென் மாநிலங்களில் இரண்டு விதிகள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. முதலாவது, நெதர்லாந்தில் வசிப்பவருக்கு மட்டுமே அனுமதி. இரண்டாவது, ஒவ்வொரு காஃபிஷாப்பும் உறுப்பினர் மட்டும் நுழையும் மூடிய மன்றமாக மாற வேண்டும். உறுப்பினர் 2,000 பேருக்கு மிகக் கூடாது. அவர்களுடைய பட்டியலைக் கடை வைத்திருக்க வேண்டும். அடுத்த ஜனவரியில் நாடு முழுவதும் இதையே விரிப்பதாகத் திட்டம்.

வெளிநாட்டுக் கூட்டத்தைக் குறைப்பது என்ற நோக்கம் நிறைவேறியது. எல்லை ஊர்களில் பெல்ஜியம், பிரான்ஸ் பதிவெண் வண்டிகள் வெகுவாகக் குறைந்தன. அடி விழுந்தது உள்ளூர்க்காரர் பக்கம். கஞ்சா புகைப்பவன் என்று தன் பெயரை ஒரு பட்டியலில் ஏற்ற எவருக்கு மனம் வரும்? பட்டியல் போலீஸ் கைக்குப் போகுமோ, வேலை தருபவர் பார்ப்பாரோ, வீட்டுக்கடன் கேட்கும்போது வந்து நிற்குமோ என்று பயந்தார்கள். பெரும்பாலோர் பதிவு செய்யவே இல்லை. கடைக்குப் போகாதவர்கள் புகைப்பதை நிறுத்திவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. தெருவில் விற்பவனிடம் போனார்கள். அவன் வயது கேட்பதில்லை, 5 கிராம் வரம்பும் அவனுக்குக் கிடையாது. கஞ்சா தீர்ந்துவிட்டால் வேறு பொடியை நீட்டுவான். கஞ்சாச் சந்தையும் கடுமையான போதைப்பொருள் சந்தையும் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 1976-ல் பட்டியலையே பிரித்தார்கள். இந்த அட்டை அவற்றை மறுபடி ஒட்ட வைத்தது.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் புதிய கூட்டணி ஆட்சிக்கு வந்ததும் நவம்பரில் மூடிய மன்ற விதியையும் உறுப்பினர் பட்டியலையும் நீக்கினார்கள். வசிப்பிட விதியை நீக்கவில்லை. அதை நாடு முழுவதுக்கும் எழுதி வைத்துவிட்டு, எவ்வளவு கறாராக அமல்படுத்துவது என்பதை அந்தந்த நகராட்சி நிர்வாகத்திடம் விட்டார்கள். தோற்றது பட்டியல்தான் என்பது எங்கள் கருத்து. வாசலில் ஆவணத்தைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்திருந்தால் அந்த வசந்தகாலம் வேறு மாதிரி போயிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவந்ததால், எந்த விளைவு எந்த விதியால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதும் அரசுக்கே சிரமமாகிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டவரை இன்னொரு நாட்டில் வேறுபடுத்தக் கூடாது என்று சட்ட வகுப்பில் படிக்கிறோம். இந்த விதி எப்படி நிற்கிறது? – சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

இதே கேள்வி லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. மாஸ்ட்ரிக்ட் நகரமன்றம் 2005 டிசம்பரிலேயே வசிப்பிட விதியை உள்ளூர் விதியாக இயற்றியிருந்தது. வெளிநாட்டவரை உள்ளே விட்டதற்காக மேயர் 2006-ல் 'ஈஸி கோயிங்' என்ற காஃபிஷாப்பைத் தற்காலிகமாக மூடினார். உரிமையாளர் மார்க் ஜோசெமன்ஸ் வழக்குத் தொடுத்தார். வழக்கு எண் சி-137/09, தீர்ப்பு 2010 டிசம்பர் 16.

நீதிமன்றம் கடையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. கஞ்சா என்பது கண்காணிப்புக்கு உட்பட்ட மருத்துவ, அறிவியல் வழிக்கு வெளியே எங்குமே வணிகத்துக்கு உரிய பொருள் அல்ல. எனவே அதை விற்பதிலோ வாங்குவதிலோ தாராள வணிக உரிமையையும் பாகுபாடின்மையையும் காட்டி வாதாட முடியாது. அதே கடையில் விற்கும் தேநீர், பழச்சாறு, ரொட்டி விஷயம் வேறு. அவை சட்டப்படியான சேவை, அங்கே உரிமை பொருந்தும், விதி அந்த உரிமையைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது. ஆனாலும் போதைச் சுற்றுலாவையும் அதன் தொல்லைகளையும் தடுப்பது நியாயமான காரணம், கடைத் திறப்பு நேரத்தைக் குறைப்பது, வாங்கும் அளவைக் குறைப்பது போன்ற மென்மையான வழிகள் பலன் தரவில்லை, தேநீர் குடிக்க ஊரில் வேறு கடைகள் ஏராளம் என்று சொல்லி விதியை ஏற்றுக்கொண்டது.

பரீட்சைக்கு ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த விதி பார்ப்பது குடியுரிமையை அல்ல, வசிப்பிடத்தை. மாஸ்ட்ரிக்ட்டில் பதிவு செய்து வசிக்கும் இந்திய மாணவர் உள்ளே போகலாம். பெல்ஜியத்தில் குடியிருக்கும் டச்சுக் குடிமகன் போக முடியாது.

அலுவலக வேலையாக ஆம்ஸ்டர்டாமும் மாஸ்ட்ரிக்ட்டும் போகிறேன். உடன் வருபவர்கள் காஃபிஷாப்புக்கு அழைக்கிறார்கள். வாசலில் என்ன கேட்பார்கள்? – வாசகர், பெங்களூரு

ஆம்ஸ்டர்டாமில் வயதுக்குச் சான்று கேட்பார்கள். அசல் பாஸ்போர்ட் வேண்டும், செல்பேசியில் இருக்கும் படத்தை ஏற்பதில்லை. 18 ஆனவர் என்றால் எந்த நாட்டவரானாலும் விடுகிறார்கள். மாஸ்ட்ரிக்ட்டில் அப்படி இல்லை. அடையாள அட்டையோ வசிப்பு அனுமதியோ ஒன்று, அதோடு நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து எடுத்த சான்று ஒன்று கேட்கலாம். பயணியிடம் இரண்டாவது இருக்க வழியில்லை. பணியாளரோடு வாதாடுவது வீண். விதியை மீறினால் தண்டனை உங்களுக்கு இல்லை, கடைக்குத்தான். அபின் சட்டத்தின் 13பி பிரிவின்படி மேயர் கடையை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பூட்டிவிடலாம். உங்கள் ஒருவரின் 5 கிராமுக்காக எந்தக் கடைக்காரரும் அதைப் பணயம் வைக்க மாட்டார்.

ஆம்ஸ்டர்டாமின் பழைய நகரப் பகுதியில், டி வாலன் எனப்படும் சிவப்பு விளக்குத் தெருக்களையும் டாம் சதுக்கத்தையும் சுற்றி, தெருவில் கஞ்சா புகைக்க 2023 மே 25 முதல் தடை. அபராதம் 100 யூரோ. காஃபிஷாப்புக்குள்ளும் புகையிலை கலந்து சுருட்டிப் புகைக்கக் கூடாது. உணவகம், விடுதிகளுக்கான புகையிலைத் தடை 2008-லேயே வந்துவிட்டது.

கேக், சாக்லேட் வடிவில் விற்பதில் தனி ஆபத்து உண்டு. புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். "ஒன்றும் ஏறவில்லையே" என்று இரண்டாவது துண்டைத் தின்பவர் முதல் துண்டும் இரண்டாவதும் சேர்ந்து ஏறும்போது படபடப்பும் பீதியுமாக மருத்துவமனைக்குப் போகிறார். முன்பின் பழக்கமில்லாத பயணிகளுக்கே இது பெரும்பாலும் நேர்கிறது. நீங்கள் இந்தியக் குடிமகன் என்பதால் கீழே சிங்கப்பூர் வாசகருக்குச் சொல்லியிருப்பதையும் அவசியம் படியுங்கள்.

ஆம்ஸ்டர்டாம் ஏன் வசிப்பிட விதியை அமல்படுத்தவில்லை? – வாசகர், புதுச்சேரி

அப்போதைய மேயர் எபர்ஹார்ட் வான் டெர் லான் அதை ஏற்கவில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பயணிகள் எட்டிப் பார்க்கும் கடைகளை ஒரே நாளில் அடைத்தால் அத்தனை பேரும் தெரு வியாபாரியிடம் போவார்கள் என்பது அவர் வாதம். அதற்கு ஈடாகப் பள்ளிகளுக்கு அருகில் இருந்த காஃபிஷாப்களை மூடும் ஏற்பாட்டுக்கு நகரம் ஒப்புக்கொண்டது. பிறகு வந்த மேயர் ஃபெம்கே ஹால்செமா 2021 ஜனவரியில் விதியை அமல்படுத்த முன்மொழிந்தார். சந்தை சிறுத்தால் அதன் பின்னுள்ள கும்பல்களும் சிறுக்கும், கஞ்சாவுக்காகவே வரும் கூட்டம் குறையும் என்றார். நகரமன்றத்தில் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

இரண்டு மேயர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. மாஸ்ட்ரிக்ட்டில் தடுக்கப்பட்டவர் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஆம்ஸ்டர்டாமில் தடுக்கப்பட்டவர் மூன்று இரவுக்கு அறை எடுத்தவர். கடை வாசலிலிருந்து நேரே தெருமுனைக்குத்தான் போவார். அதனால் மாஸ்ட்ரிக்ட் அனுபவத்தை அப்படியே எடுத்து ஆம்ஸ்டர்டாமில் வைக்க முடியாது என்றே நினைக்கிறோம்.

வெளிநாட்டவரைத் தொடக்கத்திலிருந்தே விலக்கி வைத்த நாடுகள் உண்டா? – வாசகி, யாழ்ப்பாணம்

உருகுவே. 2013 டிசம்பரில் இயற்றிய 19,172-ஆம் எண் சட்டப்படி குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் மட்டுமே அனுமதி. வீட்டில் 6 செடி வளர்க்கலாம். அல்லது 15 முதல் 45 பேர் கொண்ட மன்றத்தில் சேரலாம். அல்லது மருந்துக்கடையில் வாங்கலாம். மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மருந்துக்கடையில் வாங்க விரும்புபவர் அஞ்சலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கைரேகை பதிகிறார். கடையில் கைரேகையை வைத்தால் வாங்கலாமா, இன்னும் எத்தனை கிராம் பாக்கி என்பது மட்டும் தெரியும். பெயர் தெரியாது. மாத வரம்பு 40 கிராம். இங்கேயும் பதிவேடு உண்டுதான், ஆனால் கடைக்காரர் கையில் இல்லை. டச்சு அட்டையைவிட இது கவனமாகச் செய்த வேலை.

சிக்கல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2017 ஜூலையில் மருந்துக்கடை விற்பனை தொடங்கியதும், அமெரிக்க வங்கி விதிகளுக்குப் பயந்து உள்ளூர் வங்கிகள் அந்தக் கடைகளின் கணக்குகளை மூடுவதாக எச்சரித்தன. சில கடைகள் விலகின. பயணிகளுக்கோ, தங்கள் பங்கில் மிஞ்சியதை விற்கும் உள்ளூர்க்காரர் கிடைக்கத்தான் செய்கிறார்கள்.

ஜெர்மனி 2024-ல் கடையே வேண்டாம் என்று வீட்டு வளர்ப்பையும் மன்றங்களையும் மட்டும் அனுமதித்தது. ஒரு மன்றத்தில் 500 பேர் வரை சேரலாம். உறுப்பினர் குறைந்தது 6 மாதம் அங்கே வசித்திருக்க வேண்டும், சேர்ந்தால் குறைந்தது 3 மாதம் உறுப்பினராக இருக்க வேண்டும். வார இறுதிக்கு வந்து போகும் பயணி சேரவே வழியில்லாதபடி அமைத்த விதிகள் இவை. அமெரிக்காவின் கொலராடோ நடுவழியைப் பிடித்தது: 2014-ல் விற்பனை தொடங்கியபோது உள்ளூர்க்காரருக்கு ஒரு முறைக்கு 1 அவுன்ஸ், வெளிமாநிலத்தவருக்குக் கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம். கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினால் அந்த வரம்பு ஒன்றுமில்லாமல் போகும். 2016-ல் வித்தியாசத்தை நீக்கிவிட்டார்கள்.

தாய்லாந்தில் பயணிகளுக்கு இன்னும் தாராளம்தானே? – வாசகர், மதுரை

இல்லை. 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், தெருவெங்கும் கடை முளைத்தது. 2025 ஜூனில் கஞ்சாப் பூவுக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயம் என்று ஆணை வந்துவிட்டது. பழைய வீடியோக்களை நம்பிப் போகாதீர்கள்.

ஒரு நகரம் வசிப்பிட விதியைப் புதிதாகக் கொண்டுவருவதாக இருந்தால் எதை முதலில் செய்ய வேண்டும்? – பொது நிர்வாகவியல் மாணவர், கோயம்புத்தூர்

ஆவணத்தைப் பாருங்கள், எழுதி வைக்காதீர்கள் என்பது முதல் விதி. எதை ஆவணமாக ஏற்பது என்பதை ஒரே தாளில் முடியும்படி சுருக்குங்கள்; இரண்டாவது தாளை வாங்க நகராட்சி அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருந்தால் உள்ளூர்க்காரரே தெரு வியாபாரியைத் தேடிப் போவார். அக்கம்பக்க ஊர்களோடு பேசி ஒரே தேதியில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் கூட்டம் பக்கத்து ஊருக்கு இடம் மாறும், அவ்வளவுதான். எல்லைக்கு அப்பால் உள்ள ஊர்களில் அந்த மொழியிலேயே முன்கூட்டி அறிவிப்புச் செய்யுங்கள். மிக முக்கியமாக, தொடக்க மாதங்களில் காவலர்களைக் கடை வாசலில் நிறுத்தாமல் ரயில் நிலையம், வாகன நிறுத்துமிடம், ஆற்றங்கரை ஆகிய இடங்களில் நிறுத்துங்கள். திருப்பி அனுப்பப்பட்டவரைத் தெரு வியாபாரி சந்திப்பது அங்கேதான். இதற்குப் பணமும் ஆளும் ஒதுக்க முடியாத நகரம் விதியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கடைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை இந்த விதி தீர்க்காது. அதற்காக நெதர்லாந்து தனிச் சோதனை நடத்துகிறது. 2023 டிசம்பரில் பிரெடா, டில்பர்க் நகரங்களில் தொடங்கி, அரசு அனுமதி பெற்ற பண்ணைகளில் விளைந்த கஞ்சாவைக் காஃபிஷாப்களுக்குக் கொடுக்கிறார்கள். மாஸ்ட்ரிக்ட்டும் இந்தச் சோதனையில் இருக்கும் பத்து நகராட்சிகளில் ஒன்று.

என் மகன் சிங்கப்பூர் நிரந்தரவாசி. நண்பர்களோடு ஐரோப்பா போகிறான். அங்கே சட்டம் விடுகிறது என்றால் பயமில்லைதானே? – வாசகி, சிங்கப்பூர்

பயப்பட வேண்டும், அம்மா. சிங்கப்பூரின் போதைப்பொருள் துஷ்பிரயோகச் சட்டம் 8ஏ பிரிவின்படி, குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் உட்கொண்டாலும் சிங்கப்பூரில் உட்கொண்டதாகவே கருதப்படும். திரும்பி வரும்போது சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். குற்றம் உறுதியானால் 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ஆம்ஸ்டர்டாம் கடையின் ரசீதைக் காட்டி அங்கே அனுமதி இருந்தது என்று சொன்னால் அது வாதமாகாது, சாட்சியாகும்.

இந்தியாவிலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று முதல் பிரிவிலேயே சொல்கிறது. மீந்ததைப் பையில் போட்டுக் கொண்டுவருவது இதைவிடப் பெரிய குற்றம். கஞ்சா சாக்லேட்டோ மிட்டாயோ பிடிபட்டால் உள்ளே இருக்கும் போதைப்பொருளை மட்டும் எடை போடுவார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நெதர்லாந்தின் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவது அந்த நாட்டிலேயே ஏற்றுமதிக் குற்றம். பக்கத்து பெல்ஜியத்துக்கு ரயில் ஏறினாலும் அதே கதைதான். மகனிடம் புறப்படுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது, நண்பர்கள் "பத்திரமாக வைத்திரு" என்று தரும் எந்தப் பொட்டலத்தையும் வாங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.